பொதுக்கணினியும் தமிழ் விசைப்பலகையும்

தேர்ந்தெடுத்த சில செயலிகளை மட்டும் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் கணினியைக் ‘கியோஸ்க்’ என்பர். பாரசீகத்தில் பிறந்து, துருக்கி மொழிவழி ஐரோப்பாவை அடைந்த சொல் அது. மண்டபம் என்பது அதன் பழம்பொருள். இன்றோ, வருபவர் வந்த வேலையை முடித்துக்கொண்டு செல்லும் இடத்தை அது குறிக்கிறது. நூலகத்திலும் பள்ளியிலும் பலர் கைபடும் கணினிக்கு இவ்வமைப்பு மிகப் பொருந்தும்.

இதன் அடிப்படை இலக்கண மாணவர்க்குப் புதியதன்று. மொழிக்கு முதலில் வரும் எழுத்துகளை நன்னூல் தொகுத்துச் சொல்கிறது; வாராதனவற்றை ஒவ்வொன்றாக அடுக்குவதில்லை. கியோஸ்க் முறையும் அவ்வாறே. தடுக்க வேண்டியவற்றைத் தேடி அலையாமல், அனுமதிப்பனவற்றை மட்டும் வரையறுக்கிறோம். எனவே முதல் வினா, ‘எதைத் தடுப்பது?’ என்பதன்று, ‘இங்கு வருபவர் என்ன செய்ய வருகிறார்?’ என்பதே.

விண்டோஸ் 11-இல் இவ்வசதி புரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் உண்டு. ஹோம் பதிப்பில் இல்லை. அமைப்புகளில் ‘கணக்குகள்’, அதனுள் ‘பிற பயனர்கள்’ என்னும் பகுதிக்குச் சென்றால் கியோஸ்க் அமைக்கும் வழி தென்படும். அங்கே தனிக் கணக்கொன்றை உருவாக்கி, அதற்கு ஒரு செயலியை ஒதுக்க வேண்டும். எட்ஜ் உலாவியை ஒதுக்கினால், பொது உலாவல் முறையைத் தேர்ந்து, எவரும் தொடாதபோது எத்தனை நிமிடத்தில் அது புதிதாய்த் தொடங்க வேண்டும் என்பதையும் குறிக்கலாம். முன்னவரின் உலாவல் தடங்கள் பின்னவர் கண்ணில் படா. பொறுப்பாளர் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் விசைகளை ஒருங்கே அழுத்தி வெளியேறலாம். அகராதி, சொற்செயலி, உலாவி எனப் பல செயலிகள் தேவையெனில், அவற்றைப் பட்டியலிட்ட எக்ஸ்.எம்.எல். கோப்பொன்றைக் கணினியில் ஏற்ற வேண்டும். அதைத் தொழில்நுட்பப் பிரிவினரிடம் ஒப்படைப்பது நலம்.

தமிழாசிரியர் தாமே கவனிக்க வேண்டிய ஒன்று எஞ்சியுள்ளது. 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் நடந்த தமிழ்நெட் மாநாடுகள் கணினித் தமிழுக்குப் பொதுமுறை தேடின. சென்னை மாநாட்டின் பயனாக எழுந்த தமிழ் 99 விசைப்பலகை, விண்டோஸ் 10-இன் 2019 மே மாத மேம்பாட்டிலிருந்து இயங்குதளத்திலேயே கிடைக்கிறது. ஆயினும் விசைப்பலகைத் தெரிவு பயனர் கணக்குக்கு உரியது. பொறுப்பாளர் தம் கணக்கில் சேர்த்த தமிழ், கியோஸ்க் கணக்குக்குத் தானே சென்று சேராது. அமைப்புகள் பூட்டப்பட்டிருப்பதால் மாணவரும் அதனைச் சேர்க்க இயலாது. ஆகவே கியோஸ்க் கணக்கை உருவாக்கும் முன்பே, நிர்வாக மொழி அமைப்புகளில் தமிழைப் ‘புதிய பயனர் கணக்குகள்’ என்பதற்கும் படியெடுத்துவிட வேண்டும்.

மொழி மாற்றும் முறையையும் சோதித்தல் வேண்டும். ஒற்றைச் செயலி முறையில் விண்டோஸ் விசை முடக்கப்படுவதால், அதனோடு இடைவெளி விசையை அழுத்தும் வழக்கம் பயன்தராமற் போகலாம். இடப்புற ஆல்ட், ஷிஃப்ட் இணைப்பை முயன்று, இயங்கும் வழியை ஓர் அட்டையில் எழுதித் திரையருகே ஒட்டிவைக்கலாம்.

பூட்டிய கணினியில் தமிழ் இல்லையெனில், மாணவர் குறை கூறமாட்டார். ஆங்கிலத்திலேயே தட்டச்சு செய்துவிட்டுப் போய்விடுவார். அனுமதிப் பட்டியலை வகுக்கும்போது தமிழாசிரியர் ஒருவரும் உடனிருக்க வேண்டும் என்பது அதனாலேயே. அமைத்து முடித்ததும், கியோஸ்க் கணக்கிலிருந்தே ஒரு முழுத் தமிழ்த் தொடரைத் தட்டச்சு செய்து பார்த்த பின்னரே அக்கணினியை மாணவர்க்குத் திறந்துவிடுக.