கனலும் கதையும்

மலை என்றதும் ஊழி ஊழியாய் நிற்கும் பழம்பொருளே நம் நினைவுக்கு வரும். ஆயின், மாந்தர் காணத் தோன்றிய இளங்குன்றுகளும் உலகில் உள. அவற்றுள் ஒன்று சீயாக்ஸ். கனடா நாட்டின் மேற்கே, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடமேற்கில், பனிமலைகளும் அடர்காடுகளும் சூழ்ந்த இடத்தில் அஃது அமைந்துள்ளது. அதன் வயது ஏறத்தாழ 300 ஆண்டுகளே.

இக்குன்று தோன்றியவாறு யாது? நிலத்தின் அடியிலுள்ள பாறைக் குழம்பில் ஆவிகள் கலந்துள்ளன. குழம்பு மேலெழுந்து பிளவின் வாயை அடையும்போது அவ்வாவிகள் விரிந்து, அதனைத் துளி துளியாக வானில் வீசும். அத்துளிகள் காற்றில் குளிர்ந்து, துளைகள் மலிந்த கருங்கற்களாய் இறுகி, வாயைச் சுற்றி வீழும். களத்திலே குவித்த நெற்பொலிபோல் அவை கூம்பாக உயரும்; உச்சியில் கிண்ணம் போன்ற குழி எஞ்சும்.

ஆவி குறைந்த குழம்போ, வானில் எழாது ஆறாய்ப் பெருகும். சீயாக்ஸிலிருந்து பெருகிய குழம்பு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடிற்று. வழியில் ஓர் ஆற்றை மறித்து ஏரியாக்கிற்று. பின் நாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பரந்து, அப்பேராற்றையும் வடபுறம் ஒதுக்கிற்று.

அப்பள்ளத்தாக்கு நிஸ்கா என்னும் தொல்குடியினரின் தாயகம். அவர்களுள் ஏறத்தாழ 2,000 பேர் அன்று மாண்டனர் என்று அவர்தம் வாய்மொழி வரலாறு கூறுகின்றது. சிறுவர் சிலர் ஆற்றில் வந்த சால்மன் மீன்களை வதைத்து விளையாடினர். மூத்தோர் தடுத்தும் கேட்டிலர். அதனால் நிலம் சினந்து கனல் கக்கிற்று என்பர் அம்மக்கள்.

கதைதானே என்று இதனைத் தள்ளிவிடலாமோ? மீன்வதையால் எரிமலை பொங்கும் என நிலநூலார் கொள்ளார். ஆயினும், நச்சுப் புகையால் மக்கள் மடிந்தனர் என்னும் செய்தியை அவர்கள் புறக்கணித்திலர். காற்றினும் கனத்த கரியமில வாயு தாழ்நிலத்தில் தேங்கி உயிர்களை மாய்த்திருக்கலாம் எனக் கருதுகின்றனர். ஏட்டில் எழுதப்படாத செய்தி, பாட்டன் சொல்லப் பெயரன் கேட்டு, இத்துணைக் காலம் அழியாது நின்றது. தமக்கு உணவளிக்கும் உயிரை வதைத்தல் தகாது என்னும் அறமும் அதனுடன் நின்றது.

1992-இல் அக்கனற்பரப்பு, இறந்தோர் நினைவைப் போற்றும் பூங்காவாக்கப்பட்டது. நிஸ்கா மக்களும் அதன் காவலில் பங்கு கொண்டனர். இன்று அக்கரும்பாறைகளின்மீது கற்பாசி படர்ந்துள்ளது. மாணவர்களே! பாறை சொல்வதை ஆராய்ந்து அறிக; மூத்தோர் சொல்வதைச் செவிமடுத்து அறிக. இரண்டும் கூடிய இடத்திலேதான் சீயாக்ஸின் வரலாறு முழுமை பெறுகின்றது.