உச்சிவேளை கழுகு வரக் காணோம்!

திருக்கழுக்குன்றம் மலைக்கோவில். ஒரு காலத்தில் உச்சிவேளையானால் சுடுகிற பாறையில் நின்று ஜனங்கள் வானத்தையே பார்த்துக்கொண்டு இருப்பார்கள். 2 கழுகுகள் இறங்கி வரும். கோவில்காரர் நீட்டும் சோற்றை, நெய்யும் சர்க்கரையுமாகத் தின்றுவிட்டுப் பறந்துவிடும். ரிஷிகள் என்று கும்பிடுவார்கள்.

1990-களோடு அந்தக் காட்சி நின்றுபோச்சு.

அதே காலத்தில் நாடு முழுவதும் பிணந்தின்னிக் கழுகுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. வெண்முதுகுக் கழுகு 100-க்கு 99 காலி! மலைக்கோவிலுக்கு வந்தது வேறு இனம், மஞ்சள்மூஞ்சிக் கழுகு. அதுவும் நாட்டில் குறைந்துவிட்டது.

எமன் யார்?

2004-ல்தான் குட்டு உடைந்தது. மாட்டுக்கு வலி என்றால் போடுகிற ‘டைக்ளோபினாக்’ ஊசி! ஊசி போட்டும் பிழைக்காத மாட்டைத் தின்றால், சில நாளில் கழுகுக்கு கிட்னி பழுது. சாவு!

செத்த மாட்டைத் தின்னக் கழுகு இல்லை. தெருநாய்க்குக் கொண்டாட்டம். நாய் பெருகினால் கடி யாருக்கு? நமக்குத்தான்.

2006-ல் மாட்டுக்கு அந்த மருந்து தடை. விட்டார்களா? மனுஷனுக்கு விற்கிற பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குக் குத்தினார்கள். நம்ம ஆட்களுக்கா வழி தெரியாது! 2015-ல் ‘3 மில்லிக்கு மேல் அடைக்காதே’ என்று உத்தரவு வந்தது. மருந்து கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. 2017-ல் சென்னை ஐகோர்ட்டு ‘உத்தரவு செல்லும்’ என்றது.

நீலகிரி மாயாற்றுப் பக்கம் கழுகுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. திருக்கழுக்குன்றத்தில் சோறு தின்னத்தான் ஆள் வரவில்லை.