மார்க்கு குறைந்த மாணவர் ஒலியை முந்திய விமானி ஆனார்!

பள்ளிக்கூடத்தில் மார்க்கு குறைந்தால் பையன் உருப்பட மாட்டான் என்று கவலைப்படும் பெற்றோர் பலர். "காலேஜ் வாசலை மிதிக்காதவன் விமானம் ஓட்ட முடியுமா?" என்று கேட்பவர்களும் உண்டு.

அவர்கள் எல்லோரும் சார்லஸ் யேகரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யேகர் அமெரிக்க விமானப் படையின் விமானி. ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பறந்தார் என்று ஊர்ஜிதமான முதல் மனிதர் அவர்தான். "சக்" என்பது அவருடைய செல்லப் பெயர். சக் யேகர் என்றால்தான் உலகத்துக்குத் தெரியும்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் அவர் வாங்கிய மார்க்கு, பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை!

கிராமத்துப் பையன்

யேகர் 1923-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி பிறந்தார். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா என்ற மலைப் பிரதேசத்தில் உள்ள மைரா என்பது அவர் பிறந்த ஊர். பிறகு பக்கத்தில் உள்ள ஹாம்லின் என்ற சிற்றூரில் குடும்பம் குடியேறியது. தகப்பனார், பூமியில் இருந்து இயற்கை வாயு எடுப்பதற்காகக் கிணறு தோண்டும் தொழில் செய்தார்.

சிறுவன் சக் ஆறு வயதிலேயே துப்பாக்கியுடன் காட்டுக்குப் போவான். அணிலும் முயலும் சுட்டு வருவான். அவனுடைய கண் அவ்வளவு கூர்மை. தகப்பனாருக்கு உதவியாக என்ஜின்களைக் கழற்றுவான், மறுபடி பூட்டுவான்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு ஓரளவு வந்தது. டைப் அடிப்பதும் நன்றாக வந்தது. ஆங்கிலமும் சரித்திரமும்தான் அவனைப் பாடாய்ப் படுத்தின. நினைத்ததை எழுத்தில் எழுத வராது. தட்டுத் தடுமாறித்தான் தேறினான். 1941-ம் ஆண்டு பள்ளிப் படிப்பு முடிந்தது. காலேஜுக்குப் போகவில்லை.

வாந்தி எடுத்த விமானி

அந்த ஆண்டு செப்டம்பர் மாதம் யேகர் பட்டாளத்தில் சேர்ந்தார். வயது 18. கிடைத்தது மெக்கானிக் வேலை.

அந்தக் காலத்தில் அமெரிக்கப் பட்டாளத்தில் விமானி ஆக வேண்டுமானால், இரண்டு வருஷமாவது காலேஜில் படித்திருக்க வேண்டும். அல்லது அதற்குச் சமமான பரீட்சையில் தேற வேண்டும். வயதும் 20 ஆகி இருக்க வேண்டும். யேகருக்குக் காலேஜ் படிப்பும் இல்லை, வயதும் இல்லை.

முதன் முதலாக விமானத்தில் ஏறியபோது நடந்தது என்ன தெரியுமா? தலை சுற்றியது. குமட்டியது. வாந்தி எடுத்துவிட்டார்!

இப்படிப்பட்டவருக்கு விமானி ஆகும் ஆசை எப்படி வந்தது? மெக்கானிக்கின் கை எப்போதும் எண்ணெயும் அழுக்குமாக இருக்கும். விமானிகளோ சுத்தமான கையோடு நடந்து போவார்கள். அதைப் பார்த்துத்தான் மனுப் போட்டதாக யேகரே பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வார்.

நல்ல வேளையாக ஒரு கதவு திறந்தது. யுத்தத்துக்கு விமானிகள் ஏராளமாகத் தேவைப்பட்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் தேறியவர்களும் சார்ஜெண்ட் விமானிகளாகப் பயிற்சி பெறலாம் என்று புது உத்தரவு வந்தது. யேகர் அதில் சேர்ந்தார். கூடப் பயின்றவர்களில் பலர் அவரைவிட அதிகம் படித்தவர்கள். ஆனால் விமானத்தின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று மெக்கானிக்கான யேகருக்குத் தெரியும்! என்ஜின் போடும் சத்தத்திலேயே கோளாறு என்ன என்று கண்டுகொள்வார். 1943-ம் ஆண்டு மார்ச் மாதம் அவர் மார்பில் விமானிச் சின்னம் ஏறியது.

ஒரே நாளில் ஐந்து

யேகர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1944-ம் ஆண்டு மார்ச் 5-ந் தேதி, பிரான்சு நாட்டின் மேலே பறந்தபோது ஜெர்மானியர் அவருடைய விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். பாரசூட் மூலம் குதித்தார். பிரெஞ்சு விடுதலை வீரர்கள் அவரை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். பனி மூடிய பைரனீஸ் மலையைக் கால்நடையாகத் தாண்டி ஸ்பெயின் நாட்டுக்குத் தப்பினார். காலில் குண்டடி பட்ட இன்னொரு விமானப் படை வீரரையும் இழுத்துக்கொண்டு கரை சேர்த்தார்.

அப்படித் தப்பி வந்தவர்கள் மறுபடியும் அந்தப் பக்கம் பறக்கக் கூடாது என்பது சட்டம். மீண்டும் பிடிபட்டால், உதவி செய்தவர்களின் ரகசியம் வெளியாகிவிடும் அல்லவா? யேகர் விடவில்லை. மேலே மேலே முறையிட்டார். கடைசியில் பிரதம தளபதி ஐசனோவரையே நேரில் பார்த்துக் கேட்டார். அனுமதி கிடைத்தது.

அந்த ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி ஒரே நாளில் ஐந்து எதிரி விமானங்கள் அவர் கணக்கில் விழுந்தன!

ஒலிச் சுவர்

யுத்தம் முடிந்தது. இதற்குப் பிறகுதான் பெரிய சோதனை வந்தது.

ஒலியின் வேகத்தை விமானம் நெருங்கும்போது, முன்னால் உள்ள காற்று விலக நேரம் இல்லாமல் நெருக்கி நிற்கும். விமானம் உதறும். திருப்பினால் திரும்பாது. இதற்கு "ஒலிச் சுவர்" என்று பெயர் வைத்தார்கள். 1946-ம் ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தின் பிரபல விமானி ஜெப்ரி டி ஹாவிலண்டு, அதிவேகத்தில் பறந்தபோது விமானம் நொறுங்கி உயிர் இழந்தார். அந்தச் சுவரை யாராலும் தாண்ட முடியாது என்று பலர் நினைத்தார்கள்.

தாண்டிப் பார்ப்பதற்காக அமெரிக்காவில் "எக்ஸ்-1" என்ற ராக்கெட் விமானம் தயாராயிற்று. துப்பாக்கிக் குண்டு போன்ற உருவம். நீளம் 31 அடி. அதை ஓட்ட யாரைத் தேர்ந்தெடுத்தார்கள்? காலேஜ் படிப்பே இல்லாத யேகரை!

கணக்குப் போட்ட நண்பர்

யேகருக்குத் தம்முடைய குறை தெரியும். சோதனை விமானிகளுக்கான பள்ளியில் படித்தபோதும் புத்தகப் பாடங்களில் அவர் திணறினார். அந்தக் குறையை அவர் மூடி மறைக்கவில்லை. விளங்காததை, கூட வேலை செய்த ஜாக் ரிட்லியிடம் கேட்டார்.

ரிட்லியும் விமானிதான். ஆனால் பெரிய படிப்புப் படித்த என்ஜினீயர். கலிபோர்னியாவில் புகழ் பெற்ற விஞ்ஞானி வான் கார்மானிடம் பாடம் கேட்டவர். கடினமான விஷயத்தை யேகருக்குப் புரியும் பாஷையில் விளக்குவார்.

1947-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு நாள். விமானம் ஒலியின் வேகத்தில் நூற்றுக்கு 94 பங்கை எட்டியது. யேகர் கைப்பிடியை இழுத்தார். விமானம் மூக்கை அசைக்கவில்லை! எந்தப் பக்கம் இழுத்தாலும் பலன் இல்லை. ராக்கெட்டை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.

இத்தோடு சோதனை முடிந்தது என்றே யேகர் நினைத்தார். ரிட்லி உட்கார்ந்து கணக்குப் போட்டார். விமானத்தின் வாலில் படுக்கையாக ஒரு சிறகு இருக்கும். அதன் பின் ஓரத்தில், கதவு மாதிரி கீல் வைத்த ஒரு தகடு இருக்கும். அந்தத் தகட்டை அசைத்துத்தான் மூக்கை ஏற்றுவார்கள், இறக்குவார்கள். அதிவேகத்தில் காற்றின் அதிர்ச்சி அலை, சரியாக அந்தக் கீல் இருக்கும் இடத்தில் வந்து நிற்கிறது. அதனால் தகடு செத்துப் போகிறது.

"தகட்டை விட்டுவிடு. சிறகு முழுவதையும் துளித் துளியாக அசைத்துப் பார்" என்பதே ரிட்லியின் யோசனை. அப்படி அசைப்பதற்கான வசதி அந்த விமானத்தில் இருந்தது. யேகர் பறந்து பார்த்தார். விமானம் சொன்னபடி கேட்டது!

விளக்குமாற்றுக் கட்டை

அக்டோபர் 14-ந் தேதி நாள் குறித்தார்கள். இரண்டு நாளைக்கு முன்பு இரவில் யேகர் குதிரைச் சவாரி போனார். கீழே விழுந்தார். விலா எலும்பு இரண்டு முறிந்தது. படைத் தளத்து டாக்டரிடம் போனால் பறக்க விடமாட்டார்கள். வெளியில் ஒரு டாக்டரிடம் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

விமானத்தின் கதவை வலது கையால் அழுத்திப் பூட்ட வேண்டும். வலியில் அது முடியாது. ரிட்லியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். ரிட்லி ஒரு விளக்குமாற்றுக் கட்டையைச் சிறிதாக அறுத்துக் கொடுத்தார். அதை இடது கையில் பிடித்து நெம்பி யேகர் கதவைப் பூட்டினார்!

பெரிய குண்டு வீச்சு விமானம் ஒன்று எக்ஸ்-1 விமானத்தைச் சுமந்து போய், சுமார் 20 ஆயிரம் அடி உயரத்தில் விட்டது. ராக்கெட்டுகள் தீப்பிடித்தன. 40 ஆயிரம் அடிக்கு மேலே விமானம் சீறியது. வேகம் காட்டும் முள் நடுங்கியது. பிறகு அளவைத் தாண்டி ஓடியது. உதறல் நின்றது. தரையில் இருந்தவர்களின் காதில் இடி போன்ற ஓசை விழுந்தது.

மணிக்கு சுமார் 1,127 கிலோமீட்டர் வேகம்! அந்த உயரத்தில் ஒலியின் வேகத்தைவிட இது அதிகம். யேகருக்கு அப்போது வயது 24.

சாத்திய கதவும் திறந்த கதவும்

படிப்பு இல்லாததால் யேகருக்கு நஷ்டமே இல்லையா? உண்டு. 1959-ம் ஆண்டு விண்வெளி வீரர்களை முதல் முறையாகத் தேர்ந்தெடுத்தபோது பட்டம் வேண்டும் என்றார்கள். யேகரிடம் பட்டம் இல்லை.

ஆனாலும், விண்வெளிப் பயணத்துக்கு விமானிகளைத் தயார் செய்யும் விமானப் படைப் பள்ளி ஒன்று ஏற்பட்டபோது, 1962-ம் ஆண்டில் அதன் தலைவராக அமர்ந்தவர் யேகர்தான். பாடத்தில் தடுமாறிய மாணவர், பட்டதாரிகளுக்குப் பள்ளித் தலைவர் ஆனார்!

1975-ம் ஆண்டு பிரிகேடியர் ஜெனரலாக ஓய்வு பெற்றார். 2020-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி, 97-வது வயதில் காலமானார். அவர் ஓட்டிய எக்ஸ்-1 விமானம் வாஷிங்டன் நகரக் கண்காட்சிச் சாலைக்குச் சேர்ந்தது.

படிப்பு வேண்டாம் என்பதல்ல இந்தக் கதையின் பாடம். ரிட்லியின் படிப்பு இல்லாமல் யேகரின் துணிச்சல் மட்டும் இருந்திருந்தால், டி ஹாவிலண்டின் கதியே அவருக்கும் நேர்ந்திருக்கலாம்.

பிள்ளை மார்க்குக் குறைந்து வந்தால், பெற்றோர் திட்டுவதற்கு முன்பு இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். அவன் கை எந்த வேலையில் சுறுசுறுப்பாக ஓடுகிறது? தெரியாததை வெட்கப்படாமல் கேட்கிறானா? இந்த இரண்டும் இருந்தால் கவலை இல்லை. அவனும் ஒரு நாள் உயரப் பறப்பான்.