ஏடும் திரையும்: இக்கால வகுப்பறையில் தமிழ் கற்பித்தல்

கல்வியிற் புதுக் கருவி புகுதல் இன்று நேற்று நிகழ்ந்த செய்தியன்று. மணலில் விரலாற் கீறி அரிவரி பயின்ற காலந்தொட்டு, ஓலையும் எழுத்தாணியும், கற்பலகையும் குச்சியும், அச்சுநூலும் அப்பியாசக் கொப்பியும் என ஒன்றன்பின் ஒன்றாகக் கருவிகள் வந்துள. இப்பொழுது கண்ணாடித் திரை வந்திருக்கின்றது. அது வரலாமா வரக்கூடாதா என வாதிடுதலிற் பயனில்லை. மாணாக்கர் இல்லங்களுள் அது புகுந்து ஆண்டுகள் பல ஆயின. மன்னார்த் தீவிலும் அதனையடுத்த பெருநிலக் கரையிலும் தமிழ் கற்பிக்கும் எம்மனோர்க்கு அதனால் விளையும் நன்மை யாது, இடர் யாது என்பதனை இவ்விழா மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவர்க்கும், இன்று பயில்வோர்க்கும், உடனாசிரியர்க்கும் இயன்ற அளவு விளக்கிக் கூறுதலே எமது நோக்கமாகும்.

கருவி மாறின் எழுத்தும் மாறும் என்பதற்குத் தமிழ் எழுத்தின் வரலாறே சான்று. பனையோலையில் இரும்பெழுத்தாணியால் எழுதுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி குத்தின் ஓலை கிழிந்துவிடும். ஆதலின் புள்ளியை விடுத்தே எழுதினர். எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஏட்டில் ஒரே வடிவாய் நின்றன. ரகரமும் காலும் ஒன்றையொன்று ஒத்தன. படிப்போன் இடம் நோக்கி உணர்ந்துகொள்ளல் வேண்டும். எகர ஏகார வேறுபாட்டை வடிவிற் காட்டியவர் 18 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் என்பது தமிழ் கற்றார் அறிந்ததே. அச்சு அதற்கும் முன்னரே வந்தது. மன்னார்க் குடாக் கடலின் மறுகரையாகிய முத்துக்குளித்துறையிற் பணியாற்றிய அன்றிக்கே அடிகளின் 'தம்பிரான் வணக்கம்' 1578 ஆம் ஆண்டு கொல்லத்திலே தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சேற்றியது 1887 இல். ஏடுகளிற் புள்ளியின்றிக் கிடந்த பாடத்தைப் பிரித்துணர்ந்து அச்சுக்குக் கொடுத்த உழைப்பு எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். சுண்டிக்குழியிற் பிறந்த ஆர். முத்தையா, 247 எழுத்தையும் சில விசைகளுள் அடக்கித் தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கு விசைப்பலகை வகுத்தார். இவ்வாறு நம் முன்னோர் கருவிக்கு அஞ்சினாரல்லர். கருவியைத் தமிழுக்கேற்ப வளைத்தனர்.

கணினி வந்த பின்னரும் இவ்வேலை முடிந்துவிடவில்லை. இலங்கைப் பாடசாலைகளிலே வினாத்தாள் தட்டச்சுச் செய்தோர்க்குப் 'பாமினி' என்னும் எழுத்துரு நெடுநாட் பழக்கமானது. அதன் அமைப்பு யாதெனில், ஆங்கில எழுத்துக்குரிய இடத்திலே தமிழ் வடிவத்தை வைத்தலாம். கணினியோ தன்னுள் ஆங்கில எழுத்தையே சேமிக்கும். நம் கண்ணுக்கு மாத்திரம் தமிழைக் காட்டும். அவ்வெழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் அதே வினாத்தாளைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். மெய்யெழுத்தின் புள்ளிகளெல்லாம் அரைப்புள்ளிகளாய் நிற்கும். ஓலையில் தொலைந்த புள்ளி கணினியிலும் தொலைந்தது என்று யாம் வகுப்பிற் சொல்வதுண்டு. 1991 இல் வெளிவந்த ஒருங்குறி முறை தமிழ் எழுத்துக்களுக்குத் தனியிடம் வகுத்தது. கைத்தொலைபேசிகள் யாவும் இம்முறையையே கைக்கொள்கின்றன. பழைய எழுத்துருவிலே தட்டிவைத்த வினாத்தாள்களையும் குறிப்புக்களையும் ஒருங்குறிக்கு மாற்றினாலன்றி அவற்றுள் ஒரு சொல்லைத் தேடவும் இயலாது. மாற்றித் தரும் செயலிகள் உள. மாற்றுவதற்கு ஆளும் நேரமுமே வேண்டும்.

இனி மாணாக்கர் எழுதும் முறைக்கு வருவோம். கைத்தொலைபேசியிலே தமிழ் எழுதும் பிள்ளைகளுட் பலர் ஆங்கில எழுத்தால் ஒலியைத் தட்டுகின்றனர். திரை சில தமிழ்ச் சொற்களை வரிசையாகக் காட்டும். முதலில் நிற்பதைப் பிள்ளை தொட்டுவிடும். இங்கேதான் எமக்கு இடர் தொடங்குகின்றது. கலை, களை, கழை என்னும் மூன்றும், அரம், அறம் என்னும் இரண்டும், பனியும் பணியும், மனமும் மணமும் அப்பட்டியலிலே அருகருகே நிற்கும். எச்சொல் வேண்டும் என்று தெரியாத பிள்ளைக்குத் திரை உதவுவதில்லை. நம் நாட்டுப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கின்றமையால், வாயாற் சொல்லி எழுதுவிக்கும் வசதியும் இவ்விடத்திற் கைகொடுப்பதில்லை. ஆயின் இவ்விடரையே பாடமாக்குதல் கூடும். திரை காட்டும் சொற்பட்டியலைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பொருள் கூறி வாக்கியம் அமைக்குமாறு தரம் 8 மாணாக்கரை யாம் பணிப்பதுண்டு. மயங்கொலிச் சொற்களுக்கு இதனினும் எளிதான அப்பியாசம் வேறு கண்டிலேம்.

கருவியின் தன்மையை இவ்வளவில் நிறுத்தி, அக்கருவி யார் கையில் உளது என்பதனையும் நோக்கல் வேண்டும். 2020 மார்ச்சில் நோய்த்தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது பாடங்கள் வட்ஸ்அப் குழுக்களின் வழியே சென்றன. தொலைக்காட்சியும், கல்வி அமைச்சின் 'இ-தக்சலாவ' இணையத்தளமும் துணைநின்றன. தலைமன்னாரிலும் பேசாலையிலும் பள்ளிமுனையிலும் கடற்றொழிலை நம்பி வாழும் இல்லங்கள் பல. அத்தகைய இல்லத்தில் நல்ல கைத்தொலைபேசி பெரும்பாலும் ஒன்றே. தகப்பனார் தொழிலுக்குப் போகையில் அதுவும் கடலுக்குப் போய்விடும். அவர் கரை திரும்பி, மீன் விற்று, வலையிற் சிக்கெடுத்து ஓய்ந்த பின்னரே அது பிள்ளை கைக்கு வரும். அப்பொழுதும் உயர்தரம் படிக்கும் தமையனுக்கு முதலிடம். தரம் 6 இற் பயிலும் தங்கை காத்திருப்பாள். காலை எட்டு மணிக்கு யாம் விடுத்த வினாவுக்கு இரவு பத்து மணிக்கு விடை வந்தால் அதனைச் சோம்பல் என்று கொள்ளுதல் அறியாமையாகும். செயலட்டைகளை அச்சிட்டு ஊர்க்கடைகளில் வைத்துப் பெற்றார் எடுத்துச்செல்லுமாறு செய்த உடனாசிரியர் சிலர் உளர். திரைவழிப் பாடத்தைக் காட்டிலும் அக்கடதாசி பல பிள்ளைகளை நேரத்துக்குச் சென்றடைந்தது.

கடதாசியையும் முற்ற நம்புதற்கில்லை என்பதை 2022 காட்டிற்று. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. அதே மாதத்திற் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. ஆண்டின் நடுப்பகுதியில் எரிபொருள் இன்மையாற் பாடசாலைகளே மூடப்பட்டன. நம் தீவின் தென்கரையில் 'தம்பபவனி' என்னும் பெயருடன் 30 காற்றாலைகள் 2020 டிசம்பரில் இயங்கத் தொடங்கியிருந்தன. நூறு மெகாவாற்றுக்கு மேற்பட்ட ஆற்றலுடையவை அவை. அவற்றின் சுழற்சியைப் பார்த்தவாறே நம் பிள்ளைகள் குப்பி விளக்கேற்றிப் படித்தனர். மின்சாரம் நாடு முழுவதற்கும் பொது என்பதை யாம் அறியாதேமல்லேம். எனினும் மாணவன் ஒருவன் அக்காட்சியைக் கட்டுரையில் எழுதியபொழுது அதற்கு மறுமொழி கூற இயலாது, வாக்கியப் பிழையை மாத்திரம் திருத்திக் கொடுத்தோம்.

அவ்வாண்டு நவம்பர் இறுதியிலேதான் 'சற்ஜிபிரி' என்னும் உரையாடும் செயலி உலகிற்கு வெளிவந்தது. அதன் வழியே வேறு பலவும் வந்தன. தலைப்பைக் கொடுத்தால் இவை நொடியிற் கட்டுரை வரையும். செயற்கை நுண்ணறிவு எனப்படும் இப்பொறி எங்ஙனம் எழுதுகின்றது என்பதைச் சுருங்கக் கூறுவோம். மிகப் பெருந்தொகையான நூல்களையும் இணையப் பக்கங்களையும் அதற்கு ஊட்டி, ஒரு சொற்றுண்டின் பின் எத்துண்டு வரத்தக்கது என்று கணிக்கப் பயிற்றியிருக்கின்றனர். கணித்துக் கணித்தே அது வாக்கியம் தொடுக்கின்றது. பொருள் மெய்யா பொய்யா என்பது வேறு கேள்வி. ஊட்டிய உரைகளிலே ஆங்கிலம் மலை. தமிழ் அதனடியிற் கிடக்கும் சிறு கல். இணையத்திற் பெருவழக்கான குறிமுறையிலே ஆங்கில எழுத்தொன்றுக்கு ஓரலகு இடம் போதும். தமிழில் 'கோ' என்னும் ஓரெழுத்துக்கு ஆறலகு வேண்டும். தமிழைப் பொறி நுண்ணிய துண்டுகளாக நறுக்கிப் பார்க்க நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம். அத்தமிழுள்ளும் பெரும்பகுதி தமிழகத்துத் தமிழ். ஈழத்துக் கரையோரத் தமிழ் எத்துணைச் சிறுபகுதி என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டாற் காட்டுவோம். காற்றுக்குத் திசைபற்றி நால்வகைப் பெயருண்டு என்பது பாடப்புத்தகத்திற் கற்பிக்கப்படும் செய்தி: தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. எம் மாணாக்கர் இவற்றுள் இரண்டைக் கல்லாமலே அறிவர். வாடையும் கொண்டலும் இக்கரையில் இன்றும் அன்றாடச் சொற்கள். தென்றலுக்குரிய திசையில் நாம் சோளகம் என்போம். கோடைக்குரிய திசையிற் கச்சான் என்போம். சோளகம் பெயர்ந்தால் எக்கரையில் வள்ளம் இறக்குவது, வாடை எழுந்தால் எக்கரையை விடுவது என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய இரு சொற்களும், கடலோடிகள் வழங்கிய இரு சொற்களும் ஒருவரிசையில் நிற்கும் இவ்விடத்திலே எத்தனை பாடம் உளது!

இதனை ஆராயுமாறு யாம் பணித்தபொழுது, தரம் 10 மாணவன் ஒருவன் வீட்டிற் பொறியை வினவி விடை கொணர்ந்தான். தென்றலின் குளிர்ச்சியை அது அழகுற வருணித்திருந்தது. கச்சான் அடிக்கும் காலத்தில் மீனவர் யாது செய்வர் என்ற வினாவுக்கோ, வறுத்துண்ணும் கச்சானின் சத்துக்களையும் அதனால் உடலுக்கு விளையும் நன்மைகளையும் வரிசைப்படுத்தியிருந்தது. வகுப்பு முழுவதும் சிரித்தது; கொணர்ந்தவனும் சிரித்தான். நிலக்கடலைக்கு நாம் இட்ட பெயரை அறிந்திருந்தும் நம் காற்றை அது அறியவில்லை.

சிரிப்புக்கு இடந்தராத கட்டுரைகளே மிகுதி என்பதை மறைத்தலாகாது. 'எமது கடற்கரை' என்னும் தலைப்பில் எமக்குக் கிடைக்கும் ஒப்படைகளுட் சில, பிழையொன்றும் இன்றி, உவமைகள் நிறைந்து, முடிவுரையும் பொருந்தி வருகின்றன. எழுதியவன் வீட்டு வாசலில் நிற்பது கண்ணாடியிழை வள்ளம். கட்டுரையில் மிதப்பதோ கட்டுமரம். கரைவலைப் பாடு, சம்மாட்டி, வாடி, அம்பாப் பாட்டு ஆகிய ஒன்றும் அதிலில்லை. இத்தகைய கட்டுரைக்குப் புள்ளி வழங்குவதில் எமக்குள்ள இடர்ப்பாடு சிறிதன்று. பொறி எழுதியதென்று சுட்டத் தக்க சான்று கையில் இராது. ஐயத்தின்மேற் பிள்ளையைக் குற்றவாளியாக்குதல் ஆசிரியர்க்கு அழகன்று. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை மண்டபத்திலோ பேனாவன்றி வேறு துணையில்லை. மூன்றாண்டு பிறர் கையால் எழுதுவித்த பிள்ளை அங்கே வெற்றுத்தாளை நோக்கி இருக்கும்.

ஆதலின் யாம் ஒரு முறையைக் கைக்கொண்டு வருகின்றோம். கட்டுரையின் முதற்படியை மாணாக்கர் வகுப்பிலேயே கையால் எழுதுவர். பின்னர் விரும்பியோர் வீட்டில் அதே தலைப்பிற் பொறியை எழுதுவித்து வரலாம்; தொலைபேசி இல்லாதார்க்கு யாம் ஒரு படி அச்சிட்டுக் கொடுப்போம். மறுநாள் சிவப்புப் பேனா மாணாக்கர் கையில் இருக்கும். பொறியின் கட்டுரையை அவர்களே திருத்துவர்: எச்செய்தி பொய், எச்சொல் நம் ஊரில் வழங்காதது, எவ்வருணனை எக்கடற்கரைக்கும் பொருந்துவது. தன் கட்டுரையிற் பத்துப் பிழை விடும் பிள்ளை பொறியின் கட்டுரையிற் பதினைந்து குறை காண்பதுண்டு. நேரம் மிகுதியாகச் செல்கின்றது. பாடத்திட்டம் பின்னடைகின்றது என்று உடனாசிரியர் கூறுவதும் உண்மையே. அதற்கு எம்மிடம் முழு விடை இல்லை. தவணைக்கு இரண்டு கட்டுரையேனும் இம்முறையில் நடத்தலாம் என்பது எம் துணிபு.

திரையால் விளையும் நன்மையை மறைப்பதும் முறையன்று. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பாடசாலை மலர்களையும் பெருந்தொகையாகச் சேமித்து இலவசமாகப் படிக்கத் தருகின்றது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபொழுது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின என்பதை அறிந்தோர்க்கு இதன் அருமை விளங்கும். கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ செல்லாமல் முருங்கனிலும் நானாட்டானிலும் இருந்தபடியே ஒரு பிள்ளை ஐம்பதாண்டுக்கு முந்திய இதழைப் புரட்டுதல் எம் இளமையிற் கனவிலும் கண்டதன்று. மன்னார்ப் பாலம் 1990 இல் தகர்க்கப்பட்டுப் புதிய பாலம் 2010 இற் திறக்கப்படும் வரை, ஒரு நூலைத் தீவுக்குள் கொணர்தலே அரிய செயலாயிருந்தது.

வெளிநாட்டிலும் உள்நாட்டிலும் வாழும் பழைய மாணவர் கல்லூரிக்குக் கணினிகள் வழங்க முன்வரும்பொழுது, யாது வேண்டும் என எம்மை வினவுவதுண்டு. புதிய திரை ஒன்றைக் காட்டிலும், மின்சாரம் நின்றாலும் இயங்கும் ஒரு சூரியகலமும் மின்கலமும், ஒரு நல்ல அச்சுப்பொறியும், ஆண்டு முழுவதற்கும் போதிய கடதாசியும் முதலில் வேண்டும் என்பதே எம் விடை. கடற்றொழிலில் உள்ள பழைய மாணவரிடம் கேட்பது வேறு. காற்றுக்களின் பெயர், வலைகளின் பெயர், நீரோட்டத்தின் பெயர், மீன்களின் வளர்ச்சிப் பருவந்தோறும் மாறும் பெயர் ஆகியவற்றைத் தொகுக்க மாணாக்கர் தொடங்கியுள்ளனர். ஒவ்வொரு சொல்லையும் சொன்னவர் குரலிற் பதிந்து, பின் கையால் எழுதி, இறுதியில் ஒருங்குறியிற் தட்டச்சுச் செய்கின்றனர். களங்கண்ணி வலையின் உறுப்புக்களுக்கு ஊருக்கொரு பெயர் கிடைத்தமையால் அப்பக்கம் இன்னும் நிறைவுறவில்லை. அதனை அறிந்தோர் தொழில் இல்லாத நாளொன்றில், செவ்வாய்க்கிழமை கடைசிப் பாடவேளைக்குத் தமிழ் வகுப்புக்கு வருதல் வேண்டும். வரும் நாளை முன்னரே அறிவித்தால் முழு வகுப்பையும் அதற்கென ஒதுக்கிவைப்போம்.