ஸ்கூட்டருக்கும் வருது 'அப்டேட்'! பட்டனை அமுக்கும் முன் இதை படிங்க

ஓசூர்:

கிக்கரை உதைத்தால் வண்டி கிளம்பும் என்ற காலம் மலையேறிவிட்டது. செல்போனுக்கு வருவது போல இப்போது எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கும் சாப்ட்வேர் அப்டேட் வருகிறது. ஷிப்டுக்கு கிளம்பும் அவசரத்தில் அதை அமுக்கிவிட்டு, வண்டி நகராமல் நின்றால் போவது அரை நாள் சம்பளம்!

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இது ரொம்பவே நெருக்கமான விஷயம். டி.வி.எஸ். ஐகியூப் ஓசூரில் தயாராகிறது. பெங்களூரு ஒயிட்பீல்டில் இருந்த ஏத்தர் ஆலை 2021-ல் ஓசூருக்கு வந்தது. ஓலா ஸ்கூட்டர் ஆலை போச்சம்பள்ளியில் இருக்கிறது. சிப்காட்டுக்கும், எல்லை தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா வரைக்கும் ஷிப்டுக்கு ஓடுகிறவர்களுக்கு வண்டிதான் சோறு போடுகிறது.

வண்டிக்குள் கம்ப்யூட்டர்

பேட்டரியில் இருந்து எவ்வளவு கரண்ட் எடுப்பது, மோட்டாரை எவ்வளவு வேகத்தில் சுற்ற விடுவது என்பதை எல்லாம் சாப்ட்வேர்தான் முடிவு செய்கிறது. இன்டர்நெட் வசதி உள்ள வண்டியில், மெக்கானிக் ஸ்பேனரை தொடாமலேயே கம்பெனி இதை மாற்றிவிட முடியும். நேற்று ஒரு மாதிரி இழுத்த வண்டி, அப்டேட்டுக்கு பிறகு வேறு மாதிரி இழுத்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

முதலில் பணம், பிறகு வசதி

2021 டிசம்பரில் ஓலா ஸ்கூட்டர்கள் டெலிவரி ஆனபோது குரூஸ் கன்ட்ரோல், மேப் போன்ற வசதிகள் வேலை செய்யவில்லை. 2022 ஜூனில் வந்த 'மூவ் ஓ.எஸ். 2' அப்டேட்டில்தான் அவை கிடைத்தன. மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் வசதி அதற்கும் பிறகு, 'மூவ் ஓ.எஸ். 3'-ல் வந்தது.

எனவே வண்டி வாங்கும்போது "இந்த வசதி இப்பவே இருக்கா, அப்டேட்டில்தான் வருமா? அதுக்கு தனியா பணம் கட்டணுமா?" என்று ஷோரூமிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

தள்ளிப்போடலாமா?

கூடாது. பாதுகாப்பு கோளாறுகளும் இப்போது அப்டேட் மூலமே சரி செய்யப்படுகின்றன. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் சுமார் 20 லட்சம் டெஸ்லா கார்களின் ஆட்டோபைலட் குறையை சரி செய்ய இப்படித்தான் அப்டேட் அனுப்பப்பட்டது. அதற்காக காரை ஷெட்டுக்கு கொண்டு போக வேண்டியிருக்கவில்லை.

அதேநேரம் தப்பான அப்டேட் ஊரையே நிறுத்தும். 2024 ஜூலை 19-ந்தேதி கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு கோளாறான அப்டேட்டால் உலகம் முழுவதும் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாசை கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதனால்தான் பல கம்பெனிகள் எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பாமல், கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புகின்றன. பக்கத்து வீட்டு வண்டிக்கு வந்து நமக்கு வரவில்லை என்றால் பதற வேண்டாம்.

என்ன செய்யணும்?

* வேலைக்கு கிளம்பும்போது அப்டேட் போடாதீங்க. விடுமுறை நாளில், அவசரம் இல்லாத நேரத்தில் போடுங்க.

* பேட்டரியில் போதிய சார்ஜ், சிக்னல் இரண்டும் இருக்கணும். பாதியில் ஆப் செய்யக்கூடாது.

* அப்டேட் போடுவதற்கு முன்பும் பின்பும் டிஸ்பிளேயில் தெரியும் வெர்ஷன் நம்பர், மைலேஜ் இரண்டையும் போனில் போட்டோ எடுத்து வைங்க. கோளாறு வந்தால் சர்வீஸ் சென்டரில் காட்ட அதுதான் ஆதாரம்.

* முடிந்ததும் தெருவிலேயே மெதுவாக ஓட்டி, பிரேக், லைட், ஆக்சிலேட்டரை பார்த்துவிட்டு ஹைவேயில் ஏறுங்க.

* வாட்ஸ்அப்பில் "ஸ்கூட்டர் அப்டேட்" என்று லிங்க் வந்தால் தொடவே கூடாது. வண்டியின் டிஸ்பிளே, கம்பெனியின் சொந்த ஆப், சர்வீஸ் சென்டர் இவற்றை மட்டும் நம்புங்க. ஏமாந்து பணம் போனால் உடனே 1930-க்கு போன் செய்யணும்.

கம்பெனி கண்டுகொள்ளவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்கலாம். பில், வெர்ஷன் போட்டோ, சர்வீஸ் சென்டர் கொடுத்த ஜாப் கார்டு மூன்றும் கையில் இருந்தால், "அப்படி எதுவும் இல்லையே" என்று யாரும் கைவிரிக்க முடியாது.