அளந்து வரும் பெட்டியும் அடுப்படிப் பாடமும்

பிழைப்பைத் தேடி மும்பை, பெங்களூர், புனே, தில்லி ஆகிய பட்டணங்களுக்கு வந்து சேரும் நம் வாலிபர்களில் அநேகர் இருபத்திரண்டு வயதிலேயே நன்றாகச் சம்பாதிக்க அறிந்திருக்கிறார்கள். ஒரு வேளைச் சோறு பொங்க அறியாதிருக்கிறார்கள். காலை ஆகாரம் தேநீரோடு முடிகிறது. மதியம் அலுவலகக் கேன்டீன். இரவு கைப்பேசியில் வரவழைக்கும் பொட்டலம். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால், வீட்டு வாடகைக்கு அடுத்த பெரிய செலவு வயிற்றுக்கானதாகவே நிற்கிறது. செலவு போனாலும் சரீரம் தேறினால் பரவாயில்லை. ஆனால் வயிற்றுப்புண்ணும் ஊளைச்சதையும் முப்பது வயதிற்கு முன்பே வந்துவிடுகின்றன.

இப்படிப்பட்டவர்களுக்காக மேல்நாடுகளில் எழும்பிய ஓர் ஏற்பாட்டைக் குறித்தும், அதிலிருந்து நம் குடும்பங்கள் எடுத்துக்கொள்ளத்தக்கது எது என்பதைக் குறித்தும் இங்கே சிந்திப்போம்.

பெட்டியில் வருவது என்ன?

இதற்கு 'மீல் கிட்' என்று பெயர். 2007-ஆம் ஆண்டு சுவீடன் தேசத்தில் மிடாக்ஸ்ஃபிரிட் என்ற நிறுவனம் இதைத் தொடங்கியது. 2011-இல் ஜெர்மனியின் பெர்லினில் ஹலோஃபிரெஷ், 2012-இல் நியூயார்க்கில் புளூ ஏப்ரன் ஆகியவை தோன்றின. சந்தா செலுத்துகிறவர் வாரத்திற்கு மூன்று அல்லது நான்கு உணவு வகைகளைத் தெரிந்துகொள்வார். குளிர்ச்சி குன்றாதபடி கட்டப்பட்ட பெட்டி ஒன்று வீட்டு வாசலுக்கு வரும். அதில் சமைத்த உணவு இராது. இரண்டு பேருக்கென்றால் இரண்டு பேருக்கே அளந்த காய், இறைச்சி, மசாலாப் பொட்டலங்கள், படங்களோடு கூடிய ஒரு செய்முறை அட்டை ஆகியவை இருக்கும். அட்டையிலுள்ள படிகளை வரிசையாகச் செய்தால் ஏறத்தாழ அரைமணி முதல் முக்கால் மணி நேரத்தில் உணவு ஆயத்தமாகும்.

2020-ஆம் ஆண்டு கொள்ளைநோய்க் காலத்தில் இவ்வியாபாரம் பெருகியது, பின்பு தணிந்தது. 2017-இல் பங்குச் சந்தைக்கு வந்த புளூ ஏப்ரன் 2023-இல் வேறொரு நிறுவனத்திற்கு விற்கப்பட்டது.

பெட்டி கற்றுத்தருவது

சமையல் அறியாதவனைத் திகைக்க வைப்பவை மூன்று: என்ன சமைப்பது, எவ்வளவு போடுவது, எதை முதலில் செய்வது. இம்மூன்றையும் பெட்டி தீர்த்து வைக்கிறது. ஆகவே அவன் கத்தியையும் தீயையும் மட்டும் கவனித்தால் போதும். பத்து முறை வெங்காயம் நறுக்கியவனுக்குப் பதினோராவது முறை கண்ணீர் வந்தாலும் பயம் வராது.

விரயம் குறைவதும் ஒரு நன்மையே. அளந்து வருவதால் குளிர்பெட்டியில் அழுகும் காய் இல்லை. 2019-இல் வெளியான அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, கடையில் பொருள் வாங்கிச் சமைப்பதைக் காட்டிலும் பெட்டி உணவினால் உண்டாகும் கரியமில வாயு சராசரியாக ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு என்று கண்டது. பொட்டலக் குப்பை அதிகமானாலும், உணவு வீணாகாததே இதற்குப் பெரிய காரணம். வனாந்தரத்தில் ஜனங்கள் மன்னாவை ஆளுக்கு ஓர் ஓமர் என்று அளந்து சேர்த்ததை வேதத்தில் வாசிக்கிறோம். அளவு என்பது கஞ்சத்தனம் அல்ல, ஆகாரத்தை மதிப்பதே.

பெட்டி கற்றுத்தராதது

சந்தையில் முற்றாத வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்குவதைப் பெட்டி கற்றுத்தராது. நேற்றைய சோற்றை இன்று புளிச்சாதமாக்குவதையும், வீட்டில் தக்காளி இல்லாதபோது சற்றுக் கூடுதல் புளியைக் கொண்டு ரசத்தைச் சரிசெய்வதையும் அது சொல்லாது. அட்டை இல்லாமல் சமைக்க இயலாதவன் இரண்டு வருடம் சந்தா கட்டினாலும் மாணவனாகவே இருக்கிறான். அமெரிக்காவில் இது ஒரு தட்டுக்கு ஏறத்தாழ 10 டாலர் ஆகும். கற்கும் காலத்திற்கு அது கல்விக் கட்டணம். கற்று முடித்த பின்பும் கட்டினால் அது வீண்செலவு.

நம் தேசத்திலும் பெருநகரங்களில் சில நிறுவனங்கள் இதை முயன்றிருக்கின்றன. இப்படிச் சந்தா எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் வாரத் தள்ளுபடியைக் காட்டி அழைப்பார்கள். பின்பு வாராவாரம் பணம் தானாகவே கழியும். 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதியின்படி, அட்டையிலிருந்து இவ்விதம் கழிக்கப்படும் தொகைக்கு 24 மணி நேரத்திற்கு முன்பாக அறிவிப்பு வரவேண்டும். அந்தக் குறுஞ்செய்தியை வாசியாமல் அழிக்காதீர்கள். வேண்டாமென்றால் அப்போதே நிறுத்தலாம்.

நம் வீட்டிலேயே ஒரு பெட்டி

பெட்டியின் ஞானம் அதன் அட்டைப்பெட்டியில் இல்லை. முன்கூட்டி அளந்து வைப்பதில் இருக்கிறது. அதை நாமே செய்யலாம். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் போதும்.

வாரத்திற்கு ஐந்து இரவுகளைத் திட்டமிடுங்கள்: சாம்பார், ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும், பச்சைப்பயற்றுக் கஞ்சி, புளிக்குழம்பு, முட்டைக் குழம்பு. வெள்ளிக்கிழமை உபவாசிப்பவர்கள் அந்நாளின் பங்கைச் சனிக்கு வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் உரிய உலர்ந்த பொருட்களைத் தனித்தனி டப்பாக்களில் அளந்து வையுங்கள். இரண்டு பேர் சாம்பாருக்கு 50 கிராம் துவரம்பருப்பு, நெல்லிக்காய் அளவு புளி, ஒன்றரைத் தேக்கரண்டி சாம்பார் பொடி, தாளிக்கக் கடுகு, வெந்தயம், ஒரு மிளகாய் வற்றல் போதும். காய் 150 கிராம். பருப்புக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டு, மஞ்சள்தூள் சேர்த்துக் குக்கரில் நான்கு விசில். பச்சரிசி ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், புழுங்கலரிசிக்கு மூன்று.

காரட்டையும் பீன்ஸையும் நறுக்கிக் குளிர்பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம். வெண்டைக்காயை அன்றன்று நறுக்குவதே நல்லது. அரைத்த தேங்காய் விரைவில் கெடும். மீந்த சோற்றை இரவு முழுவதும் வெளியே வைத்து மறுநாள் சூடாக்கி உண்பது ஆபத்து. அதில் பெருகும் சில கிருமிகளின் விஷம் சூடாக்கினாலும் போகாது. இரண்டு மணி நேரத்திற்குள் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

அறையில் அடுப்பு இல்லையே என்பவர்களுக்கு ஒரு தகவல். 5 கிலோ எரிவாயு சிலிண்டரை முகவரிச் சான்று இல்லாமல், அடையாளச் சான்றை மட்டும் காட்டி வாங்கலாம். இந்தியன் ஆயில் நிறுவனம் 2020 முதல் இதை 'சோட்டு' என்ற பெயரில் விற்கிறது. வீட்டு உரிமையாளரின் அனுமதியைப் பெற்று, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

செய்முறை அட்டை யாரிடம் இருக்கிறது?

நமக்கு வேண்டிய அட்டையை எந்த நிறுவனமும் அச்சிடவில்லை. அது ஊரிலிருக்கும் தாயாரின் கையில் இருக்கிறது. தொலைபேசியில் கேட்டால் "கண்ணளவாப் போடு", "ஒரு பிடி போதும்பா" என்பார்கள். நாற்பது வருடப் பழக்கம் அந்தப் பிடியில் இருக்கிறது. மகனுடைய கைக்கு அந்தப் பிடி தெரியாது. ஆகையால் அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு தேக்கரண்டியும் எடுத்துக்கொண்டு அடுப்பருகே நில்லுங்கள். அவர்கள் பிடியில் அள்ளியதைப் பாத்திரத்தில் போடுமுன் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவின் மீன்குழம்பு அம்மாவோடு போய்விட்டது என்று துக்கிக்கிற பிள்ளைகள் அநேகர் உண்டு. அந்தத் துக்கத்தைத் தவிர்க்க ஒரு நாள் போதும்.

குமாரருக்கும் கற்றுக்கொடுங்கள்

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இந்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். பட்டணத்தில் மனைவியும் வேலைக்குச் செல்கிறாள். மாலை ஏழு மணிக்கு மின்சார ரயிலில் நசுங்கி வீடு திரும்புகிறவள், நேராக அடுப்படிக்குச் செல்கிறாள். அதே ரயிலில் வந்த கணவன் நாற்காலிக்குச் செல்கிறான். சமைக்க அறியாத மகனை வளர்ப்பது, வரப்போகும் மருமகளின் தோளில் இன்றே பாரத்தை ஏற்றுவதாகும்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை அரிசி களைந்து குக்கர் வைக்கலாம். பதினைந்து வயதில் சாம்பார் வைக்கலாம். மகன், மகள் என்ற வேற்றுமை வேண்டாம்.

பிரியமானவர்களே, இந்தச் சனிக்கிழமை ஒரே ஒரு டப்பாவை அளந்து வையுங்கள். திங்கள் இரவு அதைச் சமையுங்கள். உப்புக் கூடியிருந்தாலும் குற்றமில்லை, செவ்வாய்க்கிழமை குறைத்துக்கொள்ளலாம். அறைத்தோழனையும் உட்காரவைத்து, இருவருமாகச் சாப்பிடுங்கள்.