ஹெரால்டுக்கு பைக் இன்ஜின் வைத்தால் வெள்ளிமலை ஏறுமா?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். கோமுகி அணையைத் தாண்டி கல்வராயன் மலைப்பாதை தொடங்கியதும்தான் அதன் குணம் தெரியும். கொண்டை ஊசி வளைவில் வேகத்தைக் குறைத்து, திருப்பி, மறுபடி ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சில வண்டிகள் முக்கும். சில வண்டிகள் முணுமுணுக்காமல் இழுத்துக்கொண்டு போகும். கரியாலூர், வெள்ளிமலை வரைக்கும் இதே பரீட்சைதான். பழைய காருக்கு பைக் இன்ஜின் மாற்றும் ஆசையைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் எனக்கு இந்த மலைதான் ஞாபகம் வந்தது.

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் ஒரு பட்டறைக் கொட்டகை, அதற்குள் தார்ப்பாய் போர்த்திய ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹெரால்டைத் தேர்ந்தெடுத்ததில் கொஞ்சம் ஊர்ப்பாசமும் உண்டு. இங்கிலாந்தில் டிரையம்ப் நிறுவனம் 1959இல் கொண்டுவந்த கார் இது. உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் வண்டலூர்ப் பக்கம் இதைத் தயாரித்தது. பிற்பாடு நான்கு கதவு ஹெரால்டு ஒன்றையும் செய்தார்கள். அது இங்கிலாந்திலேயே கிடையாது. அம்பாசிடர் கல்கத்தாவுக்கும் ஃபியட் பம்பாய்க்கும் சொந்தம் என்றால், ஹெரால்டு நம்மூர்ப் பிள்ளை.

கைவைத்து வேலை பார்ப்பதற்கு இதைப் போலத் தோதான கார் குறைவு. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து மொத்த முன்பாகமும் முன்னோக்கிச் சாயும். டயர் மேலேயே உட்கார்ந்து ஸ்பேனர் பிடிக்கலாம். பாடி தனி, சேஸிஸ் தனி என்பதால் இன்ஜின் தாங்கிகளை வெட்டி ஒட்டவும் வசதி. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். கொண்டை ஊசி வளைவுக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல இருக்கும்.

உள்ளே இருப்பது 948 சி.சி. இன்ஜின், சுமார் 35 குதிரைத்திறன். அதற்குப் பதிலாக ராயல் என்ஃபீல்டின் 650 இரட்டை சிலிண்டர் இன்ஜினை வைத்தால்? 2018இல் வந்த இதுவும் சென்னைப் பக்கத்துச் சரக்கே. 648 சி.சி.யில் 47 குதிரைத்திறன், ஆறு கியர், கியர்பாக்ஸும் சேர்த்து ஒரே கட்டி. அளவில் சிறியது, திறனில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். யாருக்கும் நாக்கில் நீர் ஊறும்.

இந்த ஆசை புதிதல்ல. 1910 வாக்கில் மோர்கன் மூன்றுசக்கரக் கார் கிளம்பியதே பைக் இன்ஜினை மூக்கில் மாட்டிக்கொண்டுதான். 1955இல் பி.எம்.டபிள்யூ. தன் பைக்கின் 247 சி.சி. ஒற்றை சிலிண்டரை முட்டை வடிவ ஐசெட்டா காருக்குள் வைத்தது. குஜராத்தின் சகடா முன்னால் புல்லட், பின்னால் சரக்கு வண்டி. டெல்லியின் பட்பட்டி வாடகை வண்டி உலகப் போரில் மிஞ்சிய ஹார்லி-டேவிட்சனில் பிறந்தது. காசிமேட்டு மீன்பாடி வண்டியும் இதே சாதிதான். காயலான் கடைக்குப் போகவேண்டிய இருசக்கர இன்ஜினை மூன்றுசக்கர மிதிவண்டியில் பூட்டி, அதன்மேல் ஆள் உயரத்துக்குச் சரக்கையும் ஏற்றி விரட்டுகிறார்கள். முறைப்படி செய்வதைப் பார்க்க வேண்டுமானால் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போக வேண்டும். அங்கே ஓடிய ஃபார்முலா பி.எம்.டபிள்யூ. பந்தயக் கார்களில் கே1200 வகை பைக்கின் 1,171 சி.சி. இன்ஜின், 140 குதிரைத்திறன். அதே களத்தில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு இன்ஜினீயரிங் மாணவர்கள் தாங்களே செய்து கொண்டுவரும் குட்டிக் கார்களிலும் பெரும்பாலும் பைக் இன்ஜின்தான்.

ஆக, செய்யக்கூடிய காரியம்தான். ஆனால் பந்தயக் களத்தில் ஓடுவது வேறு, வெள்ளிமலை ஏறுவது வேறு.

பட்டறைக்காரர்களிடம் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு: பிக்கப், இழுவை. முதலாவது குதிரைத்திறன், இரண்டாவது முறுக்குவிசை. ஹெரால்டு இன்ஜினின் முறுக்குவிசை சுமார் 65 நியூட்டன் மீட்டர். அதுவும் நிமிடத்துக்கு 2,750 சுற்றிலேயே முழுதாகக் கிடைத்துவிடும். 650இன் முறுக்குவிசை 52தான், அதன் உச்சத்துக்கு 5,250 சுற்றுக்குப் போக வேண்டும். திறன் கூடியது, இழுவை குறைந்தது. பைக் இன்ஜின் வேகமாகச் சுற்றித் திறனைச் சேர்க்கிறது, கார் இன்ஜின் நிதானமாகச் சுற்றி அழுத்தித் தள்ளுகிறது. கட்டை வண்டி மாட்டுக்கும் ரேக்ளா மாட்டுக்கும் உள்ள வித்தியாசம் இது.

அப்படியானால் ஏறாதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். காரும் ஆட்களுமாக 950 கிலோ. பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றம். 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத் தேவைப்படுவது சுமார் 12 குதிரைத்திறன். ஐசெட்டாவிடம் இருந்ததே மொத்தம் அவ்வளவுதான். 650இல் அதைப் போல நான்கு மடங்கு இருக்கிறது. எனவே திறன் போதாது என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தத் திறனைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பல்சக்கரக் கணக்குதான் வேலையின் பாதி.

ஹெரால்டின் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.8 மீட்டர் உருளும். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 555 சுற்று. பின் அச்சில் உள்ள கிரவுன் பினியன் விகிதம் 4.875. ஆகவே பின் அச்சுக்குப் போகும் நீளத் தண்டு 2,700 முறை சுற்ற வேண்டும். ஹெரால்டின் டாப் கியர் நேரடி என்பதால் அதன் இன்ஜினும் அதே 2,700தான். பைக் இன்ஜினில் அப்படி இல்லை. கிராங்குக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலேயே ஒருமுறை வேகம் குறைகிறது. டாப் கியரிலும் வெளிப்பக்கம் ஒரு சுற்றுக்கு இன்ஜின் ஒன்றே முக்கால் முதல் இரண்டு சுற்று என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம். 60இல் ஐயாயிரத்தைத் தொடும். உளுந்தூர்பேட்டை–சேலம் நாற்கரச் சாலையில் 80இல் போனால் ஏழாயிரத்தை நெருங்கும். காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். இங்கிலாந்தில் பிற்பாடு வந்த ஹெரால்டு 1200இன் 4.11 கிரவுன் பினியன் கிடைத்தால் சாலையில் நிம்மதி, மலைக்கு முதல் கியரும் தாங்கும். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் நோட்டுப் புத்தகத்தில் முடிக்கவேண்டிய கணக்கு இது.

அடுத்தது இன்ஜினை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்பது. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பைக்கில் கிராங்க் குறுக்கே கிடக்கிறது, சங்கிலி மாட்டும் பல்சக்கரம் இடப்பக்கம். காரிலோ நீளத் தண்டு முன்னிருந்து பின்னுக்குப் போகிறது. எனவே இன்ஜினைக் கால் வட்டம் திருப்பி, பைக்கின் இடப்பக்கம் காரின் பின்பக்கத்தைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். சங்கிலிப் பல்சக்கரம் இருந்த இடத்தில் லேத்தில் கடைந்த ஃபிளாஞ்ச் ஒன்றைப் பூட்டி, தண்டை இணைக்கலாம். சுற்றும் திசை பொருந்துமா? பைக்கை இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் பல்சக்கரம் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். கார் இன்ஜினைப் பின்னாலிருந்து பார்த்தாலும் அதே திசைதான். கச்சிதமாகப் பொருந்துகிறது. அவசரத்தில் மாற்றி வைத்துவிட்டால் ஆறு ரிவர்ஸ் கியரோடு ஒரு கார் கிடைக்கும்!

இப்படித் திருப்பினால் புகைக்குழாய் வெளிவரும் முகம் காரின் இடப்பக்கம் போகும். நமக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம், ஆகவே சூட்டிலிருந்து அது தப்பித்தது. ஆனால் ஒரு இடி காத்திருக்கிறது. பைக்கில் தோளோடு தோள் சேர்ந்து காற்று வாங்கிய இரண்டு சிலிண்டர்களும் இப்போது ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். இது காற்றும் ஆயிலும் குளிர்விக்கும் இன்ஜின், ரேடியேட்டர் தண்ணீர் கிடையாது. முன்னது காற்றை மறைக்க, பின்னது வேகும். மலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில், மூடிய பானெட்டுக்குள் காற்று எங்கிருந்து வரும்? மின்விசிறி, காற்றைப் பின் சிலிண்டருக்குத் திருப்பும் தகடு, இன்னும் பெரிய ஆயில் கூலர் மூன்றும் வேண்டும்.

ஆயில் இன்னொரு தொல்லையும் கொடுக்கும். வளைவில் பைக் சாயும். சாய்வதால் ஆயில் எப்போதும் சம்ப் என்ற ஆயில் தொட்டியின் அடியிலேயே தங்கும். டம்ளரில் டீயோடு வளைவில் திரும்பும் ஆள் டம்ளரையும் சேர்த்துச் சாய்ப்பது போலத்தான் இது. கார் சாயாது. குறுக்கே வைத்த இன்ஜினில் வளைவிலும், திருப்பி வைத்ததில் பிரேக் அடிக்கும்போதும், பைக் அனுபவித்தே இராத பக்கமாக ஆயில் ஒதுங்கும். உறிஞ்சு குழாய் அந்த நொடியில் காற்றைக் குடித்தால் பேரிங் போய்விடும். சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகள் வைத்து வெல்டிங் செய்வது இதற்காகத்தான். இந்த வேலையில் கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது.

கிளட்ச் விஷயமும் இதோடு ஒட்டியதுதான். 200 கிலோ பைக்கையும் ஓட்டுநரையும் நகர்த்தச் செய்த கிளட்ச் பிளேட்டுகள் இனி மூன்றரை மடங்கு எடையை நகர்த்த வேண்டும். தேயும்போது உண்டாகும் சூடும் அதே அளவு கூடும். அதிலும் ஏற்றத்தில், முன்னால் பஸ் நின்றுவிட்டதால் நின்று கிளம்புவது என்றால், நான்கு வளைவுக்குள் கருகல் வாடை வரும். பைக்கில் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே முங்கியிருப்பது. அது கருகினால் அந்தக் கரி இன்ஜின் முழுக்கச் சுற்றும். தடித்த ஸ்பிரிங், அடிக்கடி ஆயில் மாற்றுவது, ஏற்றத்தில் அரைக் கிளட்சில் நிற்காத ஒழுக்கம் இவை தவிர வேறு மருந்தில்லை.

கடைசியாக ரிவர்ஸ். பைக்குக்கு ரிவர்ஸ் கியர் தேவையில்லை, காலால் தள்ளிக்கொள்ளலாம். எதிரே பேருந்து வந்து ஒடுங்கிய வளைவில் 800 கிலோ ஹெரால்டைக் காலால் தள்ள முடியாது. மோட்டார் வாகன விதிகளும் பைக் தவிர மற்ற வண்டிகள் தங்கள் இன்ஜின் பலத்திலேயே பின்னால் போகவேண்டும் என்கின்றன. ஜெர்மனியின் மெஸ்ஸெர்ஷ்மிட் கே.ஆர்.200 குட்டிக் கார் இதற்குக் குறும்பான வழி கண்டது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினை நிறுத்தி, எதிர்த்திசையில் ஸ்டார்ட் செய்யும். முன்னால் போகும் அத்தனை கியரும் பின்னாலும் கிடைக்கும்! ஃபோர் ஸ்ட்ரோக்கில் அது நடக்காது. நம்ம ஆட்டோவில் ரிவர்சுக்குத் தனி நெம்புகோல் இருப்பது போல, கியர்பாக்ஸுக்கும் தண்டுக்கும் நடுவில் சின்ன ரிவர்ஸ் பெட்டி ஒன்று வைக்க வேண்டும். ஹெரால்டின் பழைய கியர்பாக்ஸையே பின்னால் கோத்துவிடலாமே என்று தோன்றும். பைக்கின் முதல் கியர் முறுக்குவிசையை நான்கைந்து மடங்காக்கி அனுப்பும், 65க்குச் செய்த பெட்டி அதற்குப் பல் உதிர்க்கும்.

இவ்வளவையும் செய்து முடித்தாலும் ஆர்.டி.ஓ. அலுவலகம் ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. முன் அனுமதியோடு அதே வகை இன்ஜினைப் போட்டுக்கொள்ளலாம், வேறு வகையைப் போட முடியாது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் அங்கீகரித்த கிட் வைத்து மின்சார வண்டியாக்குவதற்குச் சட்டத்தில் கதவு திறந்திருக்கிறது.

என் முடிவு இது. தனியார் நிலத்திலோ பந்தயக் களத்திலோ ஓட்டுவதற்கு என்றால் 650 நல்ல தேர்வு, படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய பாடம் வேறில்லை. ஹயபுசா போன்ற பெரிய பைக்கின் இன்ஜின் வேண்டவே வேண்டாம். 190 குதிரைத்திறனை ஹெரால்டின் டிரம் பிரேக்கும் பின் அச்சும் தாங்காது. வெள்ளிமலைக்குக் குடும்பத்தோடு போகவேண்டும் என்றால் 948ஐயே பிரித்து, போர் செய்து, புது பிஸ்டன் போட்டு ஏறுங்கள்.

650ஐத்தான் வைப்பீர்கள் என்றால் ஒரு வேண்டுகோள். கழற்றிய இன்ஜினைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். கிரீஸ் தடவி, தார்ப்பாயில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள். உங்கள் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது அதன் எண்தான்.